சாதாரண சைக்கிளில் ஹப் மோட்டார் மாட்டுவது எப்படி: டர்பன் மேடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) கிட் வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்குவது மோட்டார் சக்கரத்தை. அதை மாட்டி, பேட்டரியைச் செருகி, த்ராட்டிலைத் திருகிப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். பிரேக், சக்கரத்தின் அச்சு (ஆக்ஸில்) சுற்றிவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம், வயர் கட்டுவது எல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போகும். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இந்த வேலையில் இறங்கியவர்கள் பலருக்குக் கூட நின்று உதவியிருக்கிறேன். கோளாறு வந்த இடங்களில் பெரும்பாலும் பொருள் மோசமில்லை, வரிசைதான் தவறியிருந்தது.

அதனால் கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். அளவெடுப்பது முதலில், வாங்குவது அப்புறம். பிரேக்கும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் முதலில், மோட்டார் அப்புறம். பேட்டரி எல்லாவற்றுக்கும் கடைசி.

1. சைக்கிள் தகுதியானதா என்று பாருங்கள்

மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து 6 முதல் 9 கிலோ வரை எடை கூட்டும். அதைவிட முக்கியம், இனி சைக்கிள் எப்போதும் வேகமாகவே ஓடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரை நடைபாதையில் உருட்டிய சைக்கிள் தினமும் 25 கி.மீ. வேகத்தில் குழிகளில் இறங்கும். எனவே ஃபிரேமில் வெல்டிங் சேரும் இடங்களைத் துணியால் துடைத்து, வெயிலில் வைத்து உற்றுப் பாருங்கள். தலைமுடி போன்ற விரிசல், பெயின்ட் கோடாக வெடித்த இடம், உள்ளிருந்து கசியும் துரு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த ஃபிரேம் வேண்டாம்.

டர்பனில் கடலுக்கு அருகில் பல வருடம் நின்ற ஸ்டீல் சைக்கிள் என்றால் சீட் போஸ்டைக் கழற்றிக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உப்பு தின்றிருக்கும்.

கார்பன் ஃபோர்க் உள்ள சைக்கிளில் முன்பக்க மோட்டார் மாட்டவே கூடாது. காரணம் 9ஆம் பகுதியில் வருகிறது.

2. உங்கள் மேட்டைக் கணக்குப் போடுங்கள்

"எத்தனை வாட் மோட்டார் வாங்கலாம் அண்ணே?" என்று கேட்கும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது, "நீ ஏறவேண்டிய மேடு எவ்வளவு செங்குத்து?" என்பதுதான். புளூ லகூனிலிருந்து உஷாகா வரை கடற்கரை ஓரமாகவே போய்வருபவருக்கு எந்த மோட்டாரும் போதும். சாட்ஸ்வொர்த் அப்படியல்ல. வீடுகள் முகட்டில், கடை பள்ளத்தில், வேலைக்குப் போகும் வழி மறுபடியும் முகட்டில்.

கணக்கு எளிது. ஆள் 75 கிலோ, சைக்கிள் மோட்டார் பேட்டரி எல்லாம் 25 கிலோ, ஆக 100 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற வேண்டும். புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 330 வாட். டயர் உராய்வும் காற்றும் சேர்ந்தால் 390 வாட் அளவுக்கு வரும். நீங்கள் பெடலில் 100 வாட் கொடுத்தால் மோட்டார் 290 வாட் கொடுக்க வேண்டும். மேட்டில் மெதுவாகச் சுற்றும்போது மோட்டாரின் திறன் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 390 வாட் இழுக்கும். 36 வோல்ட்டில் அது 11 ஆம்ப்.

ஆக 36 வோல்ட் பேட்டரியும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 15 ஆம்ப் கன்ட்ரோலரும் இந்த மேட்டுக்குப் போதும். உங்கள் எடை 100 கிலோ என்றாலோ, மேடு 12 சதவீதம் என்றாலோ, 48 வோல்ட்டைப் பற்றி யோசிக்கலாம். பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மோட்டாரை ஒருவர் 250 என்பார், இன்னொருவர் 500 என்பார். பேட்டரி வோல்ட்டைக் கன்ட்ரோலர் ஆம்ப்பால் பெருக்கினால் வருவதுதான் அது இழுக்கக்கூடிய உச்ச அளவு.

மோட்டார் வகையையும் மேடுதான் தீர்மானிக்கிறது. கியர் உள்ள ஹப் மோட்டாரின் உள்ளே சிறிய மோட்டார் வேகமாகச் சுற்றி, பல்சக்கரங்கள் வழியே சக்கரத்தை மெதுவாகத் திருப்புகிறது. எடை குறைவு, ஏற்றத்தில் இழுவை அதிகம், பவர் இல்லாமல் மிதித்தாலும் சக்கரம் தடையின்றி ஓடும். கியர் இல்லாத நேரடி மோட்டார் பெரியது, கனமானது. சத்தமே இருக்காது, சிலவற்றில் இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பும். ஆனால் மெதுவாக ஏறும்போது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். நம் மேடுகளுக்குக் கியர் மோட்டார்தான் என் சிபாரிசு.

3. முன்சக்கரமா, பின்சக்கரமா?

முன்சக்கரத்தில் மாட்டுவது எளிது. கியர், செயின் எதையும் தொட வேண்டாம். ஆனால் ஏற்றத்தில் உடல் எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரத்துக்குப் பிடி குறையும். மழையில் நனைந்த மேட்டில், உதிர்ந்த இலைகளின் மேல், முன்சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம். பின்சக்கரத்தில் எடையும் இருக்கிறது, ஆக்ஸில் உட்காரும் ஃபிரேம் பிளவுகளும் தடிமனாக இருக்கும். சமதரையில் ஓட்டுபவர் ஸ்டீல் ஃபோர்க்கில் முன்பக்கம் மாட்டலாம். மேட்டுக்காரர் பின்பக்கம்.

இப்போது அளவெடுங்கள். இந்த நான்கையும் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள்.

முதலாவது டயர். பக்கச்சுவரில் 26×1.95 என்று பெரிதாக இருக்கும் எண் போதாது. அதற்கு அருகில் சின்னதாக 50-559 போல ஒன்று இருக்கும். கடைசி மூன்று இலக்கம்தான் ரிம் விட்டம்: 559 என்றால் 26 அங்குலம், 584 என்றால் 27.5, 622 என்றால் 29 அல்லது 700சி. இதைப் பார்க்காமல் வாங்கியவர்களின் பழைய டயர் புது ரிம்மில் உட்காராது.

இரண்டாவது, பிளவுகளுக்கு இடையே உள்ள அகலம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் அளக்க வேண்டும். முன்னால் வழக்கமாக 100 மி.மீ., பின்னால் மலைச் சைக்கிளில் 135 மி.மீ. புதிய சைக்கிள் சிலவற்றில் ஆக்ஸில் திறந்த பிளவில் உட்காராமல் துளைக்குள் ஊடுருவிப் போகும். சாதாரண ஹப் மோட்டார் அவற்றில் சேராது.

மூன்றாவது பின் கியர். அது திருகி மாட்டும் ஃப்ரீவீலா, வரிப்பள்ளங்களில் செருகும் கேசட்டா என்று பாருங்கள். மோட்டாரும் அதே வகையாக இருக்க வேண்டும். கேசட் மோட்டார் கிடைக்காவிட்டால் திருகு மோட்டாரும் புது ஃப்ரீவீலும் வாங்குங்கள். அதிலுள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை மட்டும் உங்கள் ஷிஃப்டரோடு பொருந்தட்டும்.

நான்காவது பிரேக். டிஸ்க் என்றால் மோட்டாரில் ஆறு துளையுள்ள டிஸ்க் இருக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

4. பேட்டரியைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவர முடியாது

செலவில் பாதி பேட்டரிதான். ஆபத்தில் பாதிக்கும் மேல் அதுதான்.

சென்னையிலிருந்து வரும்போது வாங்கிவரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 160 வாட் ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோகக் கூடாது, லக்கேஜிலும் கூடாது. சைக்கிள் பேட்டரி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. மோட்டாரையும் கன்ட்ரோலரையும் எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்குங்கள், பேட்டரியை இங்கேயே வாங்குங்கள். கோளாறு வந்தால் திருப்பிக் கொடுக்கவும் ஆள் இருப்பார்.

எவ்வளவு பெரியது? வோல்ட்டை ஆம்ப் ஹவரால் பெருக்குங்கள். 36 வோல்ட், 13 ஆம்ப் ஹவர் என்றால் 468 வாட் ஹவர். கூடவே மிதித்து ஓட்டினால் சமதரையில் கிலோமீட்டருக்கு 10 வாட் ஹவர் ஆகும், மேடும் பள்ளமுமான பாதையில் 15 முதல் 20. ஆக இந்தப் பேட்டரி சாட்ஸ்வொர்த் பாதையில் 23 முதல் 31 கி.மீ. வரும். வேலைக்குப் போய்வரும் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு கிடைக்கும்படி வாங்குங்கள். பேட்டரிக்கு வயது ஏற ஏறத் தூரம் குறையும்.

வாங்கும் இடத்திலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட் காட்டும், 48 வோல்ட் பேட்டரி 54.6. இது வழக்கமான லித்தியம் அயான் வகைக்கு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைக்கு எண் வேறு, சார்ஜரும் வேறு. உள்ளே செல்களைக் காக்கும் பிஎம்எஸ் பலகை இருக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். பழைய லேப்டாப் செல்களை அடுக்கி டேப் சுற்றிய பேட்டரி பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ஒரு செல் கெட்டால் அருகிலுள்ளவை சூடாகி, வீட்டோடு போய்விடும்.

5. சட்டம்

இதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மோட்டார் வாகனத்துக்குத் தரும் விளக்கத்தில், பெடலும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டியும் அடங்குகிறது. "சைக்கிள்தானே" என்று சட்டம் தானாக விட்டுவிடாது. உங்கள் பகுதி லைசென்ஸ் அலுவலகத்திலும், இன்சூரன்ஸ் இருந்தால் அவர்களிடமும், மோட்டாரின் வாட் அளவையும் உச்ச வேகத்தையும் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஹெல்மெட் சாதாரணச் சைக்கிளுக்கே கட்டாயம். என்2, என்3 போன்ற ஃப்ரீவேக்களில் ஏறவே கூடாது.

6. கைவசம் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஆக்ஸில் நட்டுக்கு 18 அல்லது 19 மி.மீ. ஸ்பேனர், முடிந்தால் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர். ஆலன் கீ செட். டிஸ்க் போல்ட்டுக்கு டி25 சாவி. பெடல் மாட்டியிருக்கும் தண்டைக் (கிராங்க்) கழற்றும் கிராங்க் புல்லர். உங்கள் ஃப்ரீவீலின் பள்ளங்களுக்குப் பொருந்தும் கழற்றி. தட்டை அரம், மல்டிமீட்டர், கேபிள் டை, மின் இணைப்புக்கான கிரீஸ், சாதாரண கிரீஸ்.

கிராங்க் புல்லரும் ஃப்ரீவீல் கழற்றியும் இல்லாமல் தொடங்கினால் பாதியில் நிற்பீர்கள். சுத்தியலும் உளியும் வைத்து ஃப்ரீவீலைத் தட்டிக் கழற்றப் பார்த்து ஃபிரேமை நசுக்கியவர்கள் உண்டு.

7. முதல் வேலை பிரேக்

மோட்டார் மாட்டும் முன் இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடிக்க வேண்டும். தேய்ந்த கட்டையையும் துருப்பிடித்த கேபிளையும் மாற்றுங்கள். சைக்கிளோடு நடந்துகொண்டே முன் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். பின்சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மேலே போக வேண்டாம், இதை முடித்துவிட்டு வாருங்கள்.

கிட்டில் வரும் பிரேக் லீவர்களில் வயர் இருக்கும். அழுத்தியதும் மோட்டாருக்குப் போகும் பவரை அது நிறுத்திவிடும். பெடலை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு நொடி வரை தள்ளும் என்பதால் இந்த லீவர் அவசியம். "பழைய லீவரே நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிட்டவர், ரோபோ சிக்னலில் முன்னால் நிற்கும் டாக்ஸியின் பின்பக்கத்தில்தான் அதன் தேவையை உணர்வார். ஹைட்ராலிக் பிரேக் என்றால் லீவரை மாற்றாமல் ஒட்டவைக்கும் சென்சார் தனியாகக் கிடைக்கும்.

8. சக்கரத்தை மாற்றுவது

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தாமல், முடிந்தால் ஸ்டாண்டிலோ கூரையிலிருந்து கயிற்றிலோ தொங்கவிடுங்கள். லீவர்களும் டிஸ்பிளேயும் கீழே நசுங்காமல் இருக்கும்.

பழைய சக்கரத்திலிருந்து டயர், டியூப், டிஸ்க், ஃப்ரீவீல் நான்கையும் மாற்ற வேண்டும். ரிம்முக்குள் ஸ்போக் தலைகளை மூடும் நாடா புதுச் சக்கரத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டால் முதல் நாளே பஞ்சர். ஃப்ரீவீலைக் கழற்றப் பலம் வேண்டும், கழற்றியை வைஸில் பிடித்துச் சக்கரத்தையே இடப்பக்கமாகத் திருப்பினால் வந்துவிடும். புதிதாகத் திருகும்போது மரையில் கிரீஸ் தடவிக் கையாலேயே சுற்றுங்கள். மூன்று சுற்று லேசாகப் போனால்தான் மரை நேராகப் பிடித்திருக்கிறது. மோட்டாரின் மூடி அலுமினியம், மரை கோணலாகப் பிடித்தால் அந்த மூடியே போய்விடும்.

இப்போது ஆக்ஸிலைப் பிளவில் வையுங்கள். மோட்டார் ஆக்ஸில் வட்டமாக இருக்காது. 12 மி.மீ. கம்பியின் இரண்டு பக்கத்தையும் தட்டையாக்கி 10 மி.மீ. ஆக்கியிருப்பார்கள். முன் ஃபோர்க்கின் பிளவு பெரும்பாலும் 9 மி.மீ.தான் என்பதால் சேராது. முதலில் பெயின்ட்டை மட்டும் சுரண்டிப் பாருங்கள். போதாவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேயுங்கள். பிளவின் ஆழத்தைக் கூட்டாதீர்கள். ஆக்ஸில் ஆடாமல், கையால் அழுத்தினால் இறங்கும் அளவுக்கு நிறுத்துங்கள். தளர்வாகத் தேய்த்துவிட்டால் அந்த ஃபோர்க் மோட்டாருக்கு ஆகாது.

வயர் ஆக்ஸிலின் ஒரு நுனியிலிருந்து வெளியே வரும். வயர் வெளிவரும் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு மோட்டாருக்குள் இறங்காது. டர்பன் மழைக்கு இது சின்ன விஷயமல்ல.

பல் உள்ள வாஷரின் முளை பிளவுக்குள் உட்காரட்டும். சக்கரம் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் ஓடுகிறதா, டிஸ்க் காலிப்பர் மோட்டார் மூடியில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். உரசினால் டிஸ்க்குக்கு அடியில் மெல்லிய ஸ்பேசர் வைக்கலாம். நட்டை இன்னும் முழுதாக இறுக்க வேண்டாம்.

9. டார்க் ஆர்ம்: இதைத் தவிர்க்கவே கூடாது

மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது, ஆக்ஸில் அதே பலத்தோடு பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். சாதாரணச் சக்கரத்தில் ஆக்ஸிலுக்கு எடை தாங்குவது மட்டும்தான் வேலை. இங்கே அது முறுக்கலையும் தாங்க வேண்டும்.

எவ்வளவு முறுக்கல்? நடுத்தர ஹப் மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். ஆக்ஸிலின் தட்டைப் பக்கம் சுமார் 6.6 மி.மீ. நீளம்தான். அந்தச் சின்ன இடத்தில் 40 நியூட்டன் மீட்டரைத் தாங்க ஏறத்தாழ 6,000 நியூட்டன் விசை வேண்டும், 600 கிலோ எடைக்குச் சமம். நட்டின் பிடி ஒரு பங்கைத் தாங்கும், மிச்சம் பிளவின் ஓரங்களில் இறங்கும். டார்க் ஆர்ம் என்பது ஆக்ஸிலைக் கவ்வும் ஓட்டை உள்ள ஒரு ஸ்டீல் பட்டை, மறுமுனையை ஃபிரேமிலோ ஃபோர்க்கிலோ கட்டுகிறோம். ஆக்ஸிலிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அதே முறுக்கலுக்கு 400 நியூட்டன் போதும், 40 கிலோ. கிணற்று ராட்டினம் சுழன்றுவிடாமல் கைப்பிடியின் நுனியில் பிடிப்போமே, அதே கணக்கு.

டார்க் ஆர்ம் இல்லாமல் ஓடுவது கொஞ்ச நாள் ஓடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஆக்ஸில் ஒரு மயிரிழை முன்னும் பின்னும் அசைந்து பிளவை அகலமாக்கும். ஒருநாள் மேட்டில் முழு பவர் கொடுக்கும்போது ஆக்ஸில் சுற்றிவிடும். சுற்றினால் வயர் ஆக்ஸிலோடு முறுக்கி அறுந்து கன்ட்ரோலர் எரியும். முன்சக்கரம் என்றால் சக்கரமே ஃபோர்க்கிலிருந்து கழன்று வெளியே வரும். ஸ்டீல் பிளவு வளைந்து, இளகி, முன்னறிவிப்புக் கொடுக்கும். அலுமினியம் கொடுக்காது, பட்டென்று உடையும். கார்பன் ஃபோர்க்கும் அலுமினியக் கால் உள்ள சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் முன்மோட்டாருக்கு வேண்டாம் என்பது இதனால்தான்.

மாட்டும்போது மூன்றைக் கவனியுங்கள். ஆர்மின் ஓட்டையில் ஆக்ஸில் ஆடக் கூடாது, ஆடினால் வேறு ஆர்ம் வாங்குங்கள். மறுமுனையைக் கேபிள் டையால் கட்டக் கூடாது, ஸ்டீல் கிளாம்ப் அல்லது போல்ட் வேண்டும். கடைசி இறுக்கலின்போது ஆர்ம் இரண்டு முனையிலும் எந்தப் பக்கமும் இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது நட்டுகளை இறுக்குங்கள். 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும். வயர் வரும் பக்கம் ஆக்ஸில் உள்ளே குடைந்திருக்கும், அளவுக்கு மேல் இறுக்கினால் மரை உரிந்துவிடும்.

10. பெடல் சென்சார்

த்ராட்டிலைத் தொடாதபோது, மிதிப்பது தெரிந்தால்தான் மோட்டார் தள்ளும். அதற்கான காந்த வட்டு கிராங்குக்கு உள்பக்கம், பெரும்பாலும் இடப்பக்கத்தில் மாட்டப்படும். கிராங்க் போல்ட்டை முழுதாக எடுத்த பிறகு புல்லரைத் திருகுங்கள். அதன் மரை கடைசிவரை உள்ளே போன பின்தான் நடுக்கம்பியைத் தள்ள வேண்டும். இரண்டு மரை மட்டும் பிடித்திருக்கும்போது தள்ளினால் கிராங்கின் மரை உரிந்து, அப்புறம் அந்தக் கிராங்கை எடுக்கவே முடியாது. பெடலையும் கழற்றுகிறீர்கள் என்றால், இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை.

காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. விடுங்கள். வட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிப் போகும் திசைக்கு வையுங்கள். திருப்பி மாட்டினால் பின்னோக்கி மிதிக்கும்போது மோட்டார் ஓடும்.

11. கன்ட்ரோலரும் வயரும்

பேட்டரி இருக்கை சாதாரணமாகத் தண்ணீர் பாட்டில் மாட்டும் இரண்டு போல்ட்டில் உட்காரும். பேட்டரி 3 கிலோ வரை இருக்கும், மெல்லிய ஃபிரேமில் அந்த மரைகள் பிய்ந்துவிடும். கீழே ஒரு ஸ்டீல் பட்டையும் சேர்த்துக் கட்டுங்கள். கேரியரின் மேல் வைத்தால் எடை உயரத்தில் ஏறி, வளைவில் சைக்கிள் ஆடும்.

கன்ட்ரோலர் சூடாகும். அதை ஸ்பாஞ்ச் பைக்குள் அடைக்காமல் காற்றுப் படும்படி, வயர்கள் கீழ்நோக்கித் தொங்கும்படி மாட்டுங்கள்.

மோட்டாரிலிருந்து மூன்று தடித்த வயர் வரும், மஞ்சள், பச்சை, நீலம். கூடவே மெல்லிய வயர்கள், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாருக்கு. இப்போதைய கிட்களில் இவை ஒரே தண்ணீர் புகாத கனெக்டரில் இருக்கும். இரண்டு பக்கமும் உள்ள அம்புகளை நேருக்கு நேர் வைத்து நேராக அழுத்துங்கள். திருகாதீர்கள், உள்ளே பின் வளைந்துவிடும். கோடு மறையும் வரை உள்ளே போக வேண்டும். புதியவர்களின் "மோட்டார் ஓடவில்லை" புகாரில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இந்தக் கனெக்டரைத்தான்.

ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்த பிறகே கேபிள் டையை இறுக்குங்கள். இல்லாவிட்டால் முதல் திருப்பத்தில் ஏதாவது ஒரு வயர் இழுபட்டு அறும். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே, பேட்டரிக்கு அருகில், கன்ட்ரோலரின் ஆம்ப்புக்குச் சற்று மேலான ஃபியூஸ் இருக்கட்டும்.

12. பேட்டரியைச் செருகும் நேரம்

செருகும் முன் மல்டிமீட்டரால் பிளஸ், மைனஸ் பாருங்கள். சிவப்பு வயர் எப்போதும் பிளஸ்தான் என்று நம்ப வேண்டாம். மாற்றிக் கொடுத்தால் கன்ட்ரோலர் ஒரு நொடியில் போய்விடும். செருகும்போது சின்னப் பொறி வருவது இயல்பு. கனெக்டர் கரியாகாமல் இருக்கப் பொறி தடுக்கும் வகை கனெக்டர் வாங்கலாம்.

டிஸ்பிளேயில் முதலில் சக்கர அளவு, வோல்ட், உச்ச வேகம் மூன்றையும் பதியுங்கள். வேகத்தை 25 கி.மீ. ஆக வையுங்கள். பிறகு சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கிப் பிடித்து த்ராட்டிலை மெல்லத் திருகுங்கள். ஓடும்போதே பிரேக் லீவரைத் தொடுங்கள், பவர் உடனே நிற்க வேண்டும். இரண்டு லீவருக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள்.

சக்கரம் நடுங்கி நடுங்கி நின்றால் கனெக்டர் பாதி செருகியிருக்கிறது அல்லது ஹால் வயர் மாறியிருக்கிறது. டிஸ்பிளே எரிகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் பிரேக் சென்சார் அழுத்திய நிலையிலேயே சிக்கியிருக்கலாம், இரண்டு லீவரின் வயரையும் கழற்றிப் பாருங்கள். கியர் மோட்டாரில் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றும்போது விட்டுவிட்டு இறுகுகிறதா? மோட்டார் கனெக்டரைக் கழற்றியதும் அந்த இறுக்கம் போய்விட்டால் கோளாறு கன்ட்ரோலரில். கழற்றிய பிறகும் இறுகினால் மோட்டாரிலோ அதன் வயரிலோ.

முதல் ஓட்டம் சமதரையில், பேட்டரி இல்லாமல். பிரேக்கும் சக்கரமும் நன்றாக இருந்தால் பேட்டரியோடு, குறைந்த உதவி நிலையில். அதன் பிறகுதான் மேடு. மேட்டில் நீங்களும் லேசான கியரில் மிதியுங்கள். நடக்கும் வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பவரை விட்டுவிடுங்கள், அந்த நிலையில் மின்சாரம் முழுதும் வெப்பமாகி உள்ளே உள்ள நைலான் பல்சக்கரங்களை இளக்கும்.

13. சார்ஜ், மின்வெட்டு, உப்புக்காற்று

சார்ஜரோடு வரும் பிளக் இங்கே சேராவிட்டால் நல்ல மூன்று உருண்டைக் கால் பிளக்கை மாட்டுங்கள். ஊரில் 15 ஆம்ப் பிளக் என்போமே, அதே வடிவம். 13 ஆம்ப் ஹவர் பேட்டரிக்கு 2 ஆம்ப் சார்ஜர் ஏழு மணி நேரம் வரை எடுக்கும். மின்வெட்டு வந்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் ஏற்ற இறக்கம் சார்ஜரைக் கெடுக்கும். வந்து சில நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

வாசல் கதவருகே, படிக்கட்டுக்குக் கீழே, தூங்கும் அறையில் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழி அடைபடும். சிமென்ட் தரையில், விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். ஓட்டி முடித்த சூட்டில் போட வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். பிப்ரவரி வெயிலில் பாக்கி (பிக்கப்) வண்டியின் பின்னால் பேட்டரியை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள். பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் 36 வோல்ட் பேட்டரியை 37 அல்லது 38 வோல்ட்டில் நிறுத்தி நிழலில் வையுங்கள்.

கடற்கரைப் பக்கம் ஓட்டுபவர்கள் கனெக்டர்களை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சைப் பொடி தெரிந்தால் சுத்தம் செய்து மின் இணைப்புக்கான கிரீஸைத் தடவுங்கள். உப்பைக் கழுவ ஈரத்துணி போதும். பிரஷர் வாஷரைக் கொண்டுபோகாதீர்கள், அது மோட்டாரின் சீலைத் தாண்டித் தண்ணீரைத் தள்ளும்.

முதல் 50 கி.மீ. ஓடியதும் ஆக்ஸில் நட்டுகள், டார்க் ஆர்ம் கிளாம்ப், பேட்டரி இருக்கை போல்ட்டுகள், ஸ்போக்குகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பின்னர் மாதம் ஒருமுறை. ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பேனர் எப்போதும் பையில் இருக்கட்டும். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை வெளியே இழுத்து ஒட்டப் பாருங்கள். கழற்றவே வேண்டியிருந்தால் டார்க் ஆர்மைத் திரும்ப மாட்டி, நட்டை முழுதாக இறுக்கிய பிறகே பேட்டரியைச் செருகுங்கள்.